தானே திருத்தும் வினாடி வினா: எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள், டீச்சர். அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறீர்கள். வாரம் ஒரு சிறுதேர்வு வைத்துத் திருத்தி மாளவில்லை. இணையத்தில் படிவம் தயாரிக்க உதவும் கூகுள் ஃபார்ம்ஸில், தானே மதிப்பெண் போட்டுக்கொள்ளும் வினாடி வினா தயாரிக்க எந்தப் பயிற்சியில் சேரலாம் என்பது ஒன்று. முயன்று பார்த்த ஒரு தேர்வில், பிள்ளைகள் தமிழில் சரியாக எழுதிய விடைக்கும் பூஜ்யம் விழுந்தது ஏன் என்பது இன்னொன்று. நீங்கள் வெளிப்படையாகக் கேட்காத மூன்றாவது கேள்வியும் அதற்குள் இருக்கிறது: இயந்திரம் போடும் அந்த மதிப்பெண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. நானும் அறிவியல் ஆசிரியர்தான், உயர்நிலைப் பள்ளியில். இப்படிப்பட்ட தேர்வுகளைப் பல ஆண்டுகளாக வைத்து வருகிறேன், கேட்கும் ஆசிரியர்களுக்குச் சொல்லியும் தருகிறேன். கணக்கில் படிமுறைக்கு மதிப்பெண் தர வேண்டியவர்களுக்கும், கட்டுரை திருத்தும் மொழியாசிரியர்களுக்கும் நான் சொல்வதில் பாதிதான் உதவும்.

எளியதை முதலில் முடித்துவிடலாம். பயிற்சி வகுப்பு எதுவும் வேண்டாம். ஒரு மாலை போதும். புதிய படிவம் திறந்து, 'செட்டிங்ஸ்' பக்கத்தில் 'மேக் திஸ் எ க்விஸ்' என்பதை இயக்கினால் சாதாரணப் படிவம் தேர்வாகிவிடும். அதன்பின் ஒவ்வொரு கேள்வியின் கீழேயும் 'ஆன்சர் கீ' என்று வரும்; சரியான விடையைக் குறித்துவைக்கும் இடம், இனி இதை விசை என்கிறேன். அதைத் தொட்டுச் சரியான விடையைக் குறித்து மதிப்பெண்ணைப் போட வேண்டும். அதே செட்டிங்ஸ் பக்கத்தில், ஒரு கேள்விக்கு இயல்பாக எத்தனை மதிப்பெண் என்று கேட்கும் இடமும் உண்டு. அது பூஜ்யமாகத்தான் இருக்கும். கேள்விகளைச் சேர்ப்பதற்கு முன்பே அதை 1 ஆக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஏதோ ஒரு கேள்விக்கு மதிப்பெண் போட மறந்து, கடைசியில் மொத்தம் இடிக்கும்.

எவை தானே திருத்தும், எவை திருத்தாது என்பதையும் இங்கேயே தெரிந்துகொள்ளுங்கள். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, பல விடைகளுக்கு டிக் போடுவது, கீழிறங்கும் பட்டியல், கட்டம், ஒற்றைச் சொல் விடை ஆகியவற்றை அது திருத்தும். பத்தியாக எழுதும் விடையையும், படம் வரைந்து புகைப்படமாக அனுப்புவதையும் நீங்கள்தான் பார்த்து மதிப்பெண் போட வேண்டும். பல விடைகளுக்கு டிக் போடும் கேள்வியில் பாதி மதிப்பெண் கிடையாது. மூன்று சரியான விடைகளில் இரண்டைக் குறித்த பிள்ளைக்கும், ஒன்றுமே தெரியாத பிள்ளைக்கும் அதே பூஜ்யம்தான். அதனால் நான் அந்த வகையைத் தொடுவதேயில்லை. அதையே மூன்று 'சரியா, தவறா' கேள்விகளாகப் பிரித்துவிடுகிறேன். 'பொருத்துக' கேள்விக்குக் கட்டம் பொருத்தமாகத் தோன்றும். ஆனால் கைப்பேசித் திரையில் கட்டம் பக்கவாட்டில் ஓடும், கடைசி நிரல் கண்ணிலேயே படாது. ஒவ்வொரு வரிக்கும் ஒரு கீழிறங்கும் பட்டியல் வைப்பது மேல்.

தயாரித்த படிவத்தை அனுப்புவதற்கு முன் நீங்களே பிள்ளையாக உட்கார்ந்து எழுதிப் பாருங்கள்: எல்லாவற்றையும் சரியாக ஒருமுறை, வேண்டுமென்றே எல்லாவற்றையும் தவறாக ஒருமுறை. அதுவும் கணினியில் வேண்டாம், கைப்பேசியில். தவறான விசை, விட்டுப்போன மதிப்பெண், திரைக்கு வெளியே போன படம் எல்லாம் அதில் அகப்பட்டுவிடும். பிறகு அந்தச் சோதனைப் பதில்களை அழித்துவிட்டு அனுப்புங்கள்.

இப்போது அந்தப் பூஜ்யத்துக்கு வருகிறேன். ஒற்றைச் சொல் விடையை ஃபார்ம்ஸ் படித்துப் புரிந்துகொள்வதில்லை. நீங்கள் விசையில் எழுதியிருக்கும் எழுத்துகளோடு பிள்ளையின் எழுத்துகளை ஒத்துப் பார்க்கிறது, அவ்வளவுதான். 'பறக்கும் பாலூட்டி எது?' என்று கேட்டு, விசையில் 'வௌவால்' என்று எழுதியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வகுப்பில் பாதிப் பேர் 'வவ்வால்' என்று எழுதுவார்கள். அதுவும் வழக்கில் உள்ளதுதான். சிலர் ஔகாரக் குறியைத் தேடிச் சலித்து, 'வெ' என்று போட்டுப் பக்கத்தில் 'ள' சேர்த்து 'வெளவால்' ஆக்குவார்கள். கண்ணுக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். கணினிக்கு முற்றிலும் வேறு எழுத்துகள். ஒருவர் 'வௌவால்.' என்று முற்றுப்புள்ளியோடு முடிப்பார். இன்னொருவர் 'வௌவால் தான்' என்பார். எல்லோருக்கும் விலங்கு தெரியும், ஆனால் விசையில் உள்ளபடியே எழுதியதைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பூஜ்யம். 'ஒளிச்சேர்க்கை'யை ஒரே சொல்லாக எழுதுபவருக்கும், நடுவே இடம் விட்டு எழுதுபவருக்கும் இதே கதைதான்.

இதற்கும் அடியில் ஒரு அடுக்கு இருக்கிறது. கணினிகள் எழுத்துகளைச் சேமிக்கும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 'கொ' என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்த்து, அல்லது ககரம், ஒற்றைக்கொம்பு, கால் என்று துண்டுகளாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோட் விதிப்படி இரண்டும் சமம் என்றாலும், ஒப்பிடும் மென்பொருள் அவற்றைச் சமப்படுத்திக்கொண்டு ஒப்பிட்டால்தான் ஒன்றாகக் கொள்ளும். கைப்பேசி விசைப்பலகைகளில் பெரும்பாலும் முதல் வகைதான் வரும். பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இரண்டாம் வகை எட்டிப் பார்க்கும். அதனால் விசையில் போடும் விடையைப் பழைய வினாத்தாளிலிருந்து ஒட்டாதீர்கள், கையால் தட்டச்சு செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த வினாத்தாள் என்றால் நேராக ஒட்டவே முடியாது. ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் குப்பைபோல் விழும். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஏதாவது ஒன்றில் யூனிகோடாக மாற்றிக்கொண்டு, ஒருமுறை வரிவரியாகப் படித்துப் பார்த்து அதன்பின் பயன்படுத்துங்கள்.

தீர்வு இரண்டு வகை. விசையில் ஒன்றுக்கு மேற்பட்ட விடைகளைச் சேர்க்கலாம்: வௌவால், வவ்வால், வெளவால், வாவல். கூடவே, மற்ற விடைகள் அனைத்தும் தவறு என்று குறிக்கச் சொல்லும் கட்டம் ஒன்று இருக்கும். அதில் டிக் போடாமல் விடுங்கள். அப்போது பட்டியலில் இல்லாத விடைகள் உங்கள் பார்வைக்காகக் காத்திருக்கும். 'ரெஸ்பான்ஸஸ்' பக்கத்தில் கேள்வி வாரியாகப் பார்த்தால், ஒரே மாதிரி எழுதியவர்களின் விடைகள் ஒரே குழுவாக நிற்கும். 'வவ்வால் தான்' என்ற குழுவுக்கு ஒருமுறை டிக் போட்டால் அப்படி எழுதிய அத்தனை பேருக்கும் மதிப்பெண் விழும். நாற்பது பேர் வகுப்புக்கு இது பெரிய வேலை அல்ல. இரண்டாவது வழி, தமிழில் தட்டச்சு செய்யச் சொல்வதையே குறைத்துக்கொள்வது. நான் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறேன். 'கோடிட்ட இடத்தை நிரப்புக' என்பதைக் கீழிறங்கும் பட்டியலாக்கிவிடுவேன். தட்டச்சு செய்யும் விடை என்றால் எண்ணாக இருக்கும்படி பார்த்துக்கொள்வேன். 'ரெஸ்பான்ஸ் வேலிடேஷன்' பகுதியில் எண்ணை மட்டும் ஏற்கும்படி வைத்து, அலகைக் கேள்வியிலேயே கொடுத்துவிட்டால் '98 நியூட்டன்' என்று எழுதி யாரும் மதிப்பெண்ணை இழக்க மாட்டார்கள்.

இவ்வளவும் கருவியைப் பற்றியது. நேரம் செலவழித்துக் கற்க வேண்டியது தவறான விடைகளை எழுதுவதைத்தான். பாடநூலின் பின்பக்கத்தில் இருக்கும் 'சரியான விடையைத் தேர்ந்தெடு' கேள்விகளை அப்படியே ஏற்றினால் ஃபார்ம்ஸ் திருத்தித் தரும், ஆனால் உங்களுக்குப் புதிதாக எதுவும் தெரியாது. ஏற்கெனவே மனப்பாடம் செய்திருப்பார்கள். ஒரு எடுத்துக்காட்டு. 'பூமியில் 60 கி.கி. நிறை உள்ள ஒருவர் நிலவுக்குப் போனால் அங்கே அவருடைய நிறை எவ்வளவு?' விடைகள்: 60 கி.கி., 10 கி.கி., 0. பத்து என்று தொட்ட பிள்ளைக்கு நிலவின் ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பது தெரிந்திருக்கிறது, ஆனால் நிறையையும் எடையையும் ஒன்றாகக் கருதுகிறது. பூஜ்யம் என்று தொட்ட பிள்ளை நிலவில் ஈர்ப்பே இல்லை என்று நம்புகிறது. இரண்டுமே தவறுதான், ஆனால் இருவருக்கும் நாளை நீங்கள் சொல்ல வேண்டியது வேறு வேறு. இதோடு '360 கி.கி.' என்று நான்காவது விடையையும் ஒப்புக்குச் சேர்க்கலாம். யாரும் அதைத் தொட மாட்டார்கள். தொட்டாலும் உங்களுக்கு அது எதையும் சொல்லாது. நான்கு விடை இருந்தே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. பல பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2005-இல் மைக்கேல் ரொட்ரிகஸ் வெளியிட்ட ஆய்வும் மூன்று விடைகள் போதும் என்ற முடிவுக்குத்தான் வந்தது.

இப்படிப்பட்ட தவறான விடைகளை உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. உங்கள் மேசையில் கிடக்கும் பழைய விடைத்தாள்களில் அவை இருக்கின்றன. ஒரு கேள்வியை முதலில் தாளில் எழுதச் சொல்லுங்கள். அடிக்கடி வரும் இரண்டு மூன்று தவறுகளை அவர்கள் எழுதிய வார்த்தைகளிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்த வகுப்புக்கு அவைதான் விடைத்தெரிவுகள். திருத்தித் திருத்திச் சலித்துப்போன இத்தனை ஆண்டுகள் இங்கே பயன்படும். கொஞ்சம் பழகிய பின், ஒரு விடையைத் தொட்டவரை அதற்குரிய பகுதிக்கு அனுப்பும் வசதியையும் பாருங்கள், '10 கி.கி.' என்று தொட்டவருக்கு மட்டும் நிறை, எடை பற்றிய ஒரு சிறு விளக்கமும் இன்னொரு கேள்வியும் வரும்படி வைக்கலாம்.

விடையைக் காட்டிக்கொடுக்கும் ஓட்டைகளும் உண்டு. சரியான விடையை மட்டும் நாம் கவனமாக நீட்டி எழுதுவோம். நீளமானதைத் தொட்டால் போதும் என்று பிள்ளைகள் இரண்டாவது தேர்விலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். 'தாவரங்கள் ____க் கொண்டு உணவு தயாரிக்கின்றன' என்று வல்லின ஒற்றைக் கேள்வியிலேயே விட்டுவைத்து, 'சூரிய ஒளியை', 'ஆக்சிஜன்', 'நைட்ரஜன்' என்று விடை கொடுத்தால், அறிவியல் தெரியாமலே தமிழ்க் காது விடையைச் சொல்லிவிடும். இன்னொன்று, விடைகளின் வரிசையைக் கலைக்கும் வசதி. அதை இயக்கினால் 'மேற்கண்ட அனைத்தும்' என்ற விடை சிலருக்கு முதல் இடத்தில் வந்து நிற்கும். அதற்கு மேலே எதுவும் இருக்காது. 'அ மற்றும் ஆ' என்பதும் அப்படியே. கலைக்கப் போகிறீர்கள் என்றால் இவற்றை எழுதவே கூடாது.

சரி, மதிப்பெண்ணை நம்பலாமா? பத்துக் கேள்வி, கேள்விக்கு நான்கு விடை. ஒன்றும் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தொடும் பிள்ளை நான்கு அல்லது அதற்கு மேல் எடுக்க ஏறக்குறைய 22 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. தேர்ச்சிக்கு 35 என்று கொண்டால், முழுக்க ஊகிப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பாஸ். மூன்று விடை வைத்தால் இது இன்னும் கூடும். இது கணக்கு, இதில் ஐயம் இல்லை. எனவே ஒரே ஒரு தேர்வின் மதிப்பெண்ணை வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி முடிவெடுக்காதீர்கள். பார்த்து எழுதுவதையும் முழுதாகத் தடுக்க முடியாது. கேள்விகளின் வரிசையைக் கலைத்தால் பக்கத்துத் திரையைப் பார்ப்பது குறையும். இன்னொரு பக்கம் திறந்து தேடுவதை அது தடுக்காது. தேர்வு முடியும்வரை வேறெதையும் திறக்கவிடாத பூட்டு வசதி, நிறுவனம் நிர்வகிக்கும் குரோம்புக் மடிக்கணினிகளில்தான் வேலை செய்யும். ஆகவே பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டில், அதுவும் நாளை எதைத் திரும்ப நடத்த வேண்டும் என்று அறிய மட்டும் இதைப் பயன்படுத்துவதுதான் என் வழக்கம். பருவ இறுதியில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்குத் தாளும் பேனாவும்தான்.

வகுப்பு முழுவதையும் பற்றி இது சொல்வது மட்டும் தனி ஒருவரின் மதிப்பெண்ணைவிட நம்பகமானது. 'ரெஸ்பான்ஸஸ்' பக்கத்தின் தொகுப்பில், ஒவ்வொரு கேள்விக்கும் எந்த விடையை எத்தனை பேர் தொட்டார்கள் என்று பட்டைகளாகக் காட்டும். சராசரி மதிப்பெண்ணைப் பார்க்கும் முன் இதைப் பாருங்கள். தவறான ஒரே விடையில் பாதி வகுப்பு குவிந்திருந்தால், அது பிள்ளைகளின் கவனக்குறைவாக இருக்காது. நாம் நடத்தியதிலோ கேள்வியிலோ ஏதோ இருக்கிறது. அடுத்து, பதில்களைக் கூகுள் ஷீட்டில் திறந்து மதிப்பெண் வரிசையில் அடுக்குங்கள். மேலே உள்ளவர்களில் 27 விழுக்காட்டினரையும் கீழே உள்ளவர்களில் 27 விழுக்காட்டினரையும் ஒப்பிடுவது 1939-இல் ட்ரூமன் கெல்லி சொன்ன முறை. 36 பேர் வகுப்பில் மேலே பத்துப் பேர், கீழே பத்துப் பேர். ஒரு கேள்வியில் மேலே ஒன்பது பேர் சரி, கீழே நான்கு பேர் சரி என்றால் நல்ல கேள்வி. கீழே உள்ளவர்கள் அதிகம் சரி செய்திருந்தால் முதலில் உங்கள் விசையைப் பாருங்கள். அது சரியாக இருந்தால் கேள்வி இரு பொருள் படுகிறதா என்று பாருங்கள். ஆனால் பத்துக்குப் பத்து என்ற சிறிய எண்ணிக்கையில் ஒன்று, இரண்டு வித்தியாசத்துக்கு எந்த அர்த்தமும் கிடையாது.

விடையை எப்போது காட்டுவது என்பதில் இழுபறி இருக்கிறது. அனுப்பியவுடன் சரியான விடை தெரியும்படி வைத்தால், முதலில் முடித்தவர் எடுத்த ஸ்கிரீன்ஷாட் அடுத்த நிமிடம் வாட்ஸ்அப் குழுவில் இருக்கும். காட்டாமலே விட்டாலும் கேடுதான். ஹென்றி ரோடிகர், எலிசபெத் மார்ஷ் இருவரும் 2005-இல் செய்த ஆய்வில், பல விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வை எழுதியவர்கள் தாங்கள் தொட்ட தவறான விடையையே பின்னர் உண்மையென்று நினைவில் வைத்திருந்தது தெரிந்தது. அதே ரோடிகர் 2006-இல் ஜெஃப்ரி கார்ப்பிகியோடு செய்த இன்னொரு ஆய்வு நமக்கு ஆதரவானது: ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். இரண்டும் கல்லூரி மாணவர்களை வைத்துச் செய்தவை, நம் ஏழாம் வகுப்புக்கு அதே அளவில் பொருந்த வேண்டும் என்பதில்லை. நான் சரியான விடை காட்டும் வசதியை அணைத்துவிட்டு, எல்லோரும் அனுப்பி முடித்ததும் அதே பாடவேளையில் பட்டைகளைத் திரையில் போட்டுப் பேசுகிறேன். வீட்டில் செய்யும் தேர்வு என்றால் மறுநாள் முதல் பத்து நிமிடம் அதற்குத்தான்.

பெயரைத் தட்டச்சு செய்யச் சொல்லாதீர்கள். ஒரே பிள்ளை இந்த வாரம் தமிழிலும் அடுத்த வாரம் ஆங்கிலத்திலும் எழுதும், ஷீட்டில் இரண்டு பேராகிவிடுவார்கள். வகுப்பு, பிரிவு, வரிசை எண் மூன்றையும் கீழிறங்கும் பட்டியலாக வையுங்கள். கைப்பேசி எண், பிறந்த தேதி, கல்வித்துறைப் பதிவில் உள்ள எமிஸ் எண் எதையும் கேட்க வேண்டாம். குழந்தைகளின் விவரம், தேவையில்லாமல் நம் ஷீட்டில் கிடக்கக் கூடாது. 'ஒருவருக்கு ஒரு பதில்' என்ற கட்டுப்பாட்டை இயக்கினால் கூகுள் கணக்கு கேட்கும்; அப்பாவின் ஒரே கைப்பேசியில் அக்காவும் தம்பியும் எழுதும் வீடுகளில் அது இரண்டாமவரை வெளியே நிறுத்திவிடும்.

வேறு கருவிகளைப் பற்றிச் சுருக்கமாக. கைப்பேசி இல்லாத வகுப்பு என்றால் பிளிக்கர்ஸைப் பாருங்கள்: பிள்ளைகளிடம் ஆளுக்கொரு அச்சிட்ட அட்டை, விடைக்கேற்ப அதைத் திருப்பிப் பிடிப்பார்கள், உங்கள் கைப்பேசி கேமரா வகுப்பு முழுவதையும் ஒரே வீச்சில் படித்துவிடும். கஹூட்டில் வேகத்துக்கும் புள்ளி உண்டு. உற்சாகம் வரும், மெதுவாகப் படிக்கும் பிள்ளை தெரிந்த விடைக்கும் பின்தங்கும். பெங்களூரில் 2015-இல் தொடங்கிய க்விஸிஸ் 2025-இல் வேகிரவுண்ட் என்று பெயர் மாறியிருக்கிறது. பழைய பெயரில் தேடிக் குழம்ப வேண்டாம். மூடுல் என்ற இணையவழிக் கற்றல் தளம் இவை எல்லாவற்றையும்விடத் திறமையானது, பாதி மதிப்பெண், எண் விடையில் சிறு விலகல் எல்லாம் ஏற்கும். ஆனால் ஒரு ஆசிரியர் தனியாகப் பராமரிக்கும் அளவுக்கு எளிதல்ல.

இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவிடமிருந்தோ கேள்விகள் எடுத்தால், ஒவ்வொன்றையும் பாடநூலோடு ஒத்துப் பாருங்கள். இலங்கைப் பாடநூல்களில் நாம் நிறை என்பதைத் திணிவு என்றும், நாம் எடை என்பதை நிறை என்றும் எழுதுவார்கள். மேலே சொன்ன நிலவுக் கேள்வியை அங்கிருந்து எடுத்தால் விசையே தலைகீழாகிவிடும்.

இந்த வாரம் ஒரே ஒரு பாடத்துக்கு, எட்டுக் கேள்விக்கு மேல் போகாமல் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த ஆண்டு அதையே பயன்படுத்துவதாக இருந்தால் பழைய படிவத்தை அப்படியே அனுப்பாமல் 'மேக் எ காப்பி' கொடுத்துப் புதிதாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு ஆண்டுப் பதில்களும் ஒரே ஷீட்டில் கலந்தால் பிரிப்பது பெரும்பாடு.